கம்பாசிட்டரைத் தேடி ஜமைக்கா

முதல் நாள், கிங்ஸ்டன்

விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினேன். மீதிச் சில்லறையில் ஒரு இருபது டாலர் காசு வந்தது. ஜமைக்கா டாலர்தான், ஏறக்குறைய நம் பத்து ரூபாய். திருப்பிப் பார்த்தால் மார்கஸ் கார்வியின் முகம். யாரைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்தேனோ அவரே வாசலுக்கு வந்து கூப்பிட்ட மாதிரி இருந்தது. அந்தக் காசைச் செலவழிக்காமல் சட்டைப் பையில் தனியாக வைத்துக்கொண்டேன்.

"ஜமைக்காவா? பாப் மார்லி வீட்டைப் பார்க்கவா?" என்று புறப்படும்போது ஊரில் கேட்காத ஆள் இல்லை. இல்லை, ஒரு கம்பாசிட்டரை, அதாவது அச்சுக் கோப்பவரைப் பார்க்க என்றேன். அப்பா கும்பகோணத்தில் ஒரு ட்ரெடில் அச்சு மிஷினை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் அடித்தவர். ஈய எழுத்துகளை இடமிருந்து வலமாகத் தலைகீழாகப் படிக்கும் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது. அமெரிக்கக் கறுப்பர்களில் லட்சக்கணக்கானவர்களை ஒரே கொடியின் கீழ் திரட்டியவரும், ஆப்பிரிக்கா ஆப்பிரிக்கர்களுக்கே என்று முழங்கியவரும், கறுப்பர் உரிமைப் போராளி மால்கம் எக்ஸின் பெற்றோர் தலைவராகக் கொண்டாடியவரும் ஒரே ஆள்தான், அந்தக் கார்வி தொழில் கற்றது அச்சுக்கூடத்தில் என்று ஒரு நாள் படித்தேன். அன்றிலிருந்து அவரை விடமுடியவில்லை.

விமான நிலையம் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு மணல் திட்டின் மேல் இருக்கிறது. ஊருக்குள் போகும் சாலையில் ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். ஓட்டுநர் என்னை "பாஸ்" என்றே கூப்பிட்டார். 1966 ஏப்ரல் 21 அன்று எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி இங்கே வந்து இறங்கியதும், கூட்டம் தடுப்பை உடைத்துக்கொண்டு விமானத்தடிக்கே போய்விட்டதாம். "நான் அப்போது பிறக்கவில்லை, என் பாட்டி அந்தக் கூட்டத்தில் இருந்தாள்" என்றார். பிறகு வழியெல்லாம் கிரிக்கெட்தான்.

இரண்டாம் நாள், கிங்ஸ்டன்

இன்று ஞாயிறு என்பது கிங் தெருவில் கார்வியின் சங்கக் கட்டடமான லிபர்டி ஹாலின் மூடிய கதவைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. தப்பு என்னுடையது. சரி என்று தேசிய வீரர்கள் பூங்காவுக்கு நடந்தேன். பத்து மணி வெயிலே மண்டையைப் பிளந்தது.

இது முன்பு குதிரைப் பந்தய மைதானம். இப்போது நாட்டின் பெரியவர்கள் அடக்கமான இடம். கார்வியின் சமாதி கறுப்பு நட்சத்திர வடிவத்தில் மேடை கட்டி, நடுவில் இருக்கிறது. 1940-ல் லண்டனில் இறந்தவர். போர்க்காலம் என்பதால் உடலைக் கொண்டுவர முடியவில்லை, கென்சல் கிரீன் கல்லறையில் வைத்தார்கள். ஜமைக்கா சுதந்திரம் பெற்று இரண்டு வருடம் கழித்து, 1964 நவம்பரில் தோண்டியெடுத்து இங்கே கொண்டுவந்தார்கள். நாட்டின் முதல் தேசிய வீரர் என்ற பட்டம் அவருக்குத்தான். மறு வருடம் மார்ட்டின் லூதர் கிங் மனைவியோடு வந்து இங்கே மலர்வளையம் வைத்துவிட்டுப் போனார். இருவர் போன பாதையும் நேர் எதிர். ஒருவர் வெள்ளையரோடு ஒரே மேசையில் உட்காரப் போராடினார். மற்றவர், அந்த மேசையே நமக்கு எதற்கு, நமக்கென்று கடை, கப்பல், நாடு வேண்டும் என்றார்.

மர நிழலில் ஒரு ராஸ்தா பெரியவர், செலாசியைத் தெய்வமாகக் கும்பிடும் மதத்தைச் சேர்ந்தவர், உட்கார்ந்திருந்தார். நரைத்த சடை இடுப்பு வரை. எங்கிருந்து என்று கேட்டார், இந்தியா என்றேன். "உங்கள் ஆட்கள் கறியும் கஞ்சாவும் கொண்டுவந்தார்கள்" என்று சிரித்தார். உண்மைதான். 1845-ல் ஓல்ட் ஹார்பர் விரிகுடாவில் முதல் இந்தியக் கூலிகள் இறங்கினார்கள், கஞ்சா என்ற சொல்லே அவர்களோடு வந்ததுதான்.

கார்வி அவருக்குத் தீர்க்கதரிசி. ஆப்பிரிக்காவைப் பாருங்கள், ஒரு கறுப்பு ராஜா முடிசூடுவார் என்று கார்வி சொன்னார், 1930-ல் செலாசி முடிசூடினார், கணக்கு சரியாகிவிட்டது. நான் படித்த அரைகுறை அறிவை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். இத்தாலி படையெடுத்தபோது நாட்டை விட்டுப் போன செலாசியை, கார்வி தன் பத்திரிகையில் கிழிகிழி என்று கிழித்திருக்கிறாரே என்றேன். பெரியவர் கோபப்படவில்லை. "யோவான் ஸ்நானகனும் சிறையில் இருந்தபோது சந்தேகப்பட்டானே" என்றார். இயேசுவின் வருகையை அறிவித்தவனே அவரைச் சந்தேகித்த இடம், பைபிளில் அது எனக்குத் தெரியும். மேலே பேச ஒன்றும் இல்லை.

மதியம் ஆட்டுக்கறிக் குழம்பும் 'ரைஸ் அண்ட் பீஸும்'. பீஸ் என்றால் பட்டாணி அல்ல, ராஜ்மா. தேங்காய்ப்பாலில் வெந்த சோறு. எங்கள் அம்மா பார்த்தால் தைரியமாக இன்னொரு கரண்டி போட்டிருப்பாள்.

மூன்றாம் நாள், லிபர்டி ஹால்

திங்கட்கிழமை. 76, கிங் தெரு. 1923-ல் கார்வியின் இயக்கம் வாங்கிய கட்டடம். உலக நீக்ரோ முன்னேற்றச் சங்கம் என்று அதன் பெயரைச் சொல்லலாம், ஊரில் நான்கு எழுத்தில் யூ.என்.ஐ.ஏ. என்பார்கள். நீக்ரோ என்ற சொல்லை அன்று அவர்கள் தலை நிமிர்த்திச் சொன்னார்கள் என்பதால் அப்படியே எழுதுகிறேன். கீழே இருந்த பெண்மணி என் பையை வாங்கி வைத்துக்கொண்டு, "எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் இரு, மாலை பிள்ளைகள் வந்துவிடுவார்கள், அப்புறம் சத்தம்" என்றார். பள்ளி விட்டு வரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இங்கே பாடமும் கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். மாடியில் அருங்காட்சியகம்.

இந்தத் தெருக்களில்தான் அவர் இருபது வயதில் அச்சுக்கூடத்தில் ஃபோர்மனாக இருந்தார். பதினான்கு வயதில் சொந்த ஊரில் தன் ஞானத்தகப்பனின் அச்சகத்தில் எடுபிடியாகத் தொடங்கி, பிறகு கிங்ஸ்டனுக்கு வந்தவர். 1907-ல் பூகம்பம் இந்த நகரத்தைத் தரைமட்டமாக்கியது. விலைவாசி ஏறியது, கூலி ஏறவில்லை. 1908 கடைசியில் அச்சுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஃபோர்மன் என்பவர் முதலாளி பக்கம் நிற்க வேண்டியவர், கார்வி தொழிலாளிகளோடு நின்றார். வேலைநிறுத்தம் தோற்றது, வேலை போனது. நகரத்தில் வேறு எந்தத் தனியார் அச்சகமும் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்பாவின் அச்சகத்திலும் ஒரு ஃபோர்மன் இருந்தார். அவர் ஒரு நாளும் எங்களுக்கு எதிராகப் பேசியதில்லை. ஏன் பேசவில்லை என்று அப்போது நாங்கள் யோசிக்கவே இல்லை. இப்போது யோசிக்கிறேன்.

பிறகு கோஸ்டா ரிகா. அமெரிக்க வாழைப்பழக் கம்பெனித் தோட்டத்தில் நேரக் கணக்கர் வேலை. பனாமா. லண்டன். எங்கே போனாலும் கடைசிப் படியில் நிற்பவன் கறுப்பன் என்று கண்டார். போன இடத்திலெல்லாம் ஒரு சின்னப் பத்திரிகை தொடங்கினார் அல்லது ஒன்றில் எழுதினார். 1914-ல் திரும்பி வந்து இங்கே சங்கத்தைத் தொடங்கினார், கூட நின்றவர் ஏமி ஆஷ்வுட், பின்னாளில் முதல் மனைவி. 1916-ல் நியூயார்க் போனார். அங்கே கறுப்பர் வட்டாரமான ஹார்லம் தெருமுனையில் மேடை போட்டுப் பேசத் தொடங்கிய ஆள், 1920 ஆகஸ்டில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் இருபத்தைந்தாயிரம் பேர் முன்னால் நின்றார். சிவப்பு, கறுப்பு, பச்சைக் கொடி அந்த மாநாட்டில் வந்ததுதான். ஆப்பிரிக்காவின் தற்காலிக ஜனாதிபதி என்று தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். கடைசி வரை அவர் ஆப்பிரிக்க மண்ணை மிதிக்கவில்லை. இறகு வைத்த தொப்பியும் பொன் சரிகைச் சீருடையுமாகத் திறந்த வண்டியில் போகும் படம் ஒன்று சுவரில் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற ஒரு ஜமைக்கா அம்மாள் சிரிக்கவில்லை. "அடிமையின் பேரன் கவர்னர் மாதிரி உடுத்திக்கொண்டு வருவதைப் பார்க்க எங்கள் ஆட்கள் காசு கொடுத்துக் காத்திருந்தார்கள்" என்றார். பிறகு நான் அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தேன்.

கப்பல் கதைதான் எல்லோருக்கும் தெரிந்தது. பிளாக் ஸ்டார் லைன் என்ற கார்வியின் கப்பல் கம்பெனி, 1919. பங்கு ஒன்று ஐந்து டாலர். வாங்கியவர்கள் சமையல்காரிகள், லிஃப்ட் இயக்குகிறவர்கள், வாழைத் தோட்டக் கூலிகள். முதல் கப்பல் யார்மத். கார்வி பிறந்த அதே 1887-ல் கட்டியது, போர்க்காலத்தில் நிலக்கரி ஏற்றி நொந்துபோனது. அதற்கு 1,65,000 டாலர் கொடுத்தார்கள், அதன் மதிப்பு அதில் கால்வாசிகூடத் தேறாது. ஏமாந்ததா, கப்பலே விற்காதவர்களிடம் கெஞ்சி வாங்கியதா என்று எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். மதுவிலக்கு வருவதற்கு முன் கியூபாவுக்கு விஸ்கி ஏற்றிக்கொண்டு அவசரமாகப் புறப்பட்டுக் கடலில் சாய்ந்து, பெட்டிகளைத் தூக்கி எறிந்தார்கள். இன்னொரு பயணத்தில் தேங்காய். துறைமுகத்துக்குத் துறைமுகம் கப்பலைக் காட்டப் போனதில் தேங்காய் அழுகிவிட்டது. வியாபாரமாகப் பார்த்தால் மகா கேவலம். ஆனால் அது போன துறைமுகங்களில் வேலையை விட்டுவிட்டுக் கூட்டம் கரைக்கு வந்தது. கறுப்பு மாலுமிகள், கறுப்புக் கேப்டன். அந்தக் கப்பலில் அதிகாரியாக இருந்த ஹியூ முல்சாக், 1942-ல் அமெரிக்காவின் 'லிபர்டி' என்ற போர்க்காலச் சரக்குக் கப்பல்களில் ஒன்றுக்குக் கேப்டன் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பர் அவர்.

எனக்குக் கப்பலை விடப் பெரிது பத்திரிகை. 'நீக்ரோ வேர்ல்டு', 1918 முதல் 1933 வரை வந்த வார இதழ். ஒரு பழைய இதழின் ஸ்கேனை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். மாடி ஜன்னல் அருகே வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் கடிதம். நீக்ரோ இனத்தின் சக மனிதர்களே, வணக்கம் என்று தொடங்கும். ஒவ்வொரு வாரமும் அதே விளிப்பு, கீழே அதே பெயர். பத்திகள் நெருக்கமாக, மூச்சுவிட இடம் இல்லாமல் கோத்திருக்கிறார்கள். காகிதம் வீணாகக் கூடாது என்று எண்ணிக் கோத்த பக்கம் என்று தொழில் தெரிந்தவனுக்குப் பார்த்ததும் தெரியும். உள்ளே ஸ்பானிஷிலும் பிரெஞ்சிலும் பக்கங்கள். கரீபியத் தீவுகளிலும் ஆப்பிரிக்காவிலும் பல காலனி அரசுகள் இதைத் தடை செய்தன. அப்படியும் மாலுமிகள் மூட்டைக்குள் மறைத்துக் கரைக்குக் கொண்டுபோனார்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்கச் சுற்றிலும் பத்துப் பேர் கேட்டார்கள். கப்பல் கம்பெனிக்கு 1922-ல் ஆயுள் முடிந்தது. காகிதம் அதற்குப் பிறகும் பதினொரு வருடம் போனது.

அவர் மாட்டியதும் காகிதத்தில்தான். இன்னும் வாங்காத ஒரு கப்பலின் படத்தைப் போட்டு, தங்கள் பெயரை அதில் எழுதி, விளம்பரக் கையேடு அடித்தார்கள். தபால் மோசடி என்று வழக்கு. உளவுத் துறையில் அப்போது வளர்ந்துகொண்டிருந்த எட்கர் ஹூவருக்கு இவர்மேல் ஏற்கனவே கண். 1923-ல் நால்வரை நிறுத்தினார்கள், தண்டனை இவர் ஒருவருக்குத்தான். முக்கியச் சாட்சிப் பொருள் ஒரு காலி உறை. கம்பெனி முத்திரை உறையின் மேல் இருக்கிறது, உள்ளே என்ன இருந்தது என்று அதைப் பெற்றவருக்கே நினைவில்லை. இவர் வக்கீலை அனுப்பிவிட்டுத் தானே வாதாடினார். ஐந்து வருடம். அட்லாண்டா சிறை. ஜனாதிபதி கூலிட்ஜ் தண்டனையைக் குறைத்து, 1927 கடைசியில் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் மழையில் நாடு கடத்தினார்கள். அந்த வழக்குக்கு மன்னிப்பு வர 2025 ஜனவரி 19 வரை ஆனது, பைடன் பதவியை விட்டுப் போவதற்கு முந்தைய நாள்.

அவரைப் புகழ மட்டும் முடியாது. 1922-ல் வெள்ளை இனவெறிக் கும்பலான கூ க்ளக்ஸ் க்ளானின் தலைவர் ஒருவரை அட்லாண்டாவில் சந்தித்துப் பேசினார். இரு தரப்பும் இனக் கலப்பை எதிர்க்கிறோம் என்ற கணக்கு. கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்டவர்களோடு என்ன பேச்சு என்று இன்னொரு கறுப்பர் தலைவரான டூ பாய்ஸ் கொதித்தார், பலர் இயக்கத்தை விட்டுப் போனார்கள். கார்வி வாயைத் திறந்தால் டூ பாய்ஸின் நிறத்தைப் பழிப்பார். இந்த இடத்தை மேலோட்டமாகக் கடப்பவர்கள் அவரது ஆதரவாளர்களிலும் உண்டு. எனக்கு அது தொண்டையில் நிற்கிறது.

நான்கு மணிக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பெண்மணி சொன்னது சரி, சத்தம்.

நான்காம் நாள், ஸ்பானிஷ் டவுன்

கிங்ஸ்டனிலிருந்து ஒரு மணி நேரம். நெரிசலில் ஒன்றரை. வேனில் நான்கு பேர் இருக்க வேண்டிய வரிசையில் ஐந்து பேர். என் பக்கத்துப் பாட்டி மடியில் ஒரு கோழி, உயிரோடு.

திரும்பி வந்த கார்வி 1929-ல் கட்சி தொடங்கினார். மக்கள் அரசியல் கட்சி. குறைந்தபட்சக் கூலி, நிலச் சீர்திருத்தம், எட்டு மணி நேர வேலை என்று பதினான்கு அம்சங்கள். அதில் ஒன்று, ஊழல் நீதிபதிகளைக் கேட்க ஒரு சட்டம் வேண்டும் என்பது. அது போதும், நீதிமன்ற அவமதிப்பு. மூன்று மாதம் சிறை, நூறு பவுண்டு அபராதம். இங்கே இருந்த சிறையில்தான் அடைத்தார்கள். சிறையில் இருந்தபடியே கிங்ஸ்டன் நகர சபைக்குத் தேர்வானார். கூட்டத்துக்கு வரவில்லை என்று இடத்தைக் காலி செய்தார்கள், மறுபடியும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். சட்டசபைத் தேர்தல் வேறு கதை. ஓட்டுரிமை சொத்துள்ளவர்களுக்கு. இவர் பின்னால் நின்றவர்களிடம் சொத்து எங்கே.

சிறை இன்னும் சிறையாகவே இருக்கிறது. மதிலைப் பார்த்துவிட்டு, கறி அடைத்த ஒரு ரொட்டியைத் தின்றுவிட்டுத் திரும்பினேன்.

ஐந்தாம் நாள், செயின்ட் ஆன்ஸ் பே

வடக்குக் கரை. மலையைக் கடந்து இறங்கும் வழியெல்லாம் பசுமை, பெரும் பாக்கு மரம் மாதிரி தடிமனான மூங்கில் புதர்கள். அப்புறம் திடீரென்று கடல். இப்படியொரு நீலம் நான் பார்த்ததில்லை. ஓச்சோ ரியோஸில் கப்பல் நிறைய சுற்றுலாப் பயணிகள். அதிலிருந்து பத்துக் கிலோமீட்டர் போனால் கார்வியின் ஊர், ஈ காக்காய் இல்லை.

கொலம்பஸ் 1494-ல் இந்தக் கரைக்கு வந்தான், 1503-ல் கப்பல் கெட்டு ஒரு வருடம் இங்கேயே கிடந்தான். ஊரில் அவனுக்கு ஒரு சிலை. வட்டார நூலகத்தின் முன் கார்விக்கு ஒரு சிலை. இரண்டையும் ஒரே மதியத்தில் பார்த்துவிடலாம். நூலகத்தின் முன் நிற்பவர் கனத்த கோட்டில், அந்த வெயிலில்.

மார்க்கெட் தெரு 32. அவர் பிறந்த வீடு. சாதாரண வீடு, சாதாரணத் தெரு, ஒரு வேலி, ஒரு நாய். வெளியே நின்று பார்த்துவிட்டு நகர்ந்தேன். அப்பா மேசன், கல்லறைகள் கட்டுபவர். பதினொரு பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர்கள் மார்கஸும் அக்கா இந்தியானாவும்தான். வீட்டில் புத்தகங்கள் நிறைய. ஒருமுறை அப்பா கட்டிக்கொண்டிருந்த கல்லறைக் குழிக்குள் மகனை இறக்கிவிட்டு, ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். பயம் போகட்டும் என்று. எனக்கு இதைவிட இன்னொரு கதை பிடிக்கும். ஒரு பத்திரிகைக்காரர் பல வருடம் அப்பாவுக்குப் பத்திரிகை அனுப்பிக்கொண்டே இருந்தார். இவர் அது அன்பளிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார். பத்திரிகைக்காரர் செத்ததும் வாரிசுகள் எல்லா வருடச் சந்தாவையும் கேட்டு வழக்குப் போட்டார்கள். கிழவர் கொடுக்க மாட்டேன் என்று நின்று, தோற்று, நிலம் போனது. வாழ்க்கை வரலாறுகளில் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

பதினான்கு வயதில் பக்கத்து வீட்டு வெள்ளைப் பாதிரியாரின் மகளோடு இருந்த நட்பு முடிந்ததையும் கார்வியே எழுதியிருக்கிறார். அவளை எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். அவனுக்கு ஒரு கடிதம்கூட எழுதக் கூடாது, ஏனென்றால் அவன் நீக்ரோ. அந்தச் சொல்லை அப்போதுதான் முதலில் தெரிந்துகொண்டானாம். அதே வருடம்தான் அச்சகத்தில் சேர்ந்தான்.

ஆறாம் நாள், செயின்ட் ஆன்ஸ் பே

காலையில் மழை. ஒன்பது மைல் என்ற மார்லியின் ஊர் இதே மாவட்டத்தின் உள்ளே இருக்கிறது, சாலை கெட்டுப்போயிருக்கும் என்று தங்கும் விடுதியில் சொன்னார்கள். போகவில்லை. மன அடிமைத்தனத்திலிருந்து உங்களை நீங்களே விடுவித்துக்கொள்ளுங்கள் என்று மார்லி பாடிய வரி கார்வி 1937-ல் கனடாவில் நோவா ஸ்கோஷியாவில் பேசிய பேச்சிலிருந்து எடுத்தது. அந்த அளவோடு மார்லிக்குக் கடன் தீர்த்தேன்.

மழை விட்டதும் பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு சின்ன அச்சகம் தென்பட்டது. இங்கே ட்ரெடில் கிடையாது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பெரிய வண்ண பிரிண்டர். கால் தானாக உள்ளே போனது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், உதவிக்கு ஒரு பையன். என்ன அடிக்கிறீர்கள் என்றேன். இறுதிச் சடங்கு நிகழ்ச்சி நிரல். ஜமைக்காவில் அது பெரிய விஷயம். பளபளக்கும் தாளில் இறந்தவரின் குழந்தைப் படம் முதல் கடைசிப் படம் வரை, பாடல்கள், வாழ்க்கைக் குறிப்பு, பேரன் பேத்திகளின் பெயர்கள் எல்லாம் சேர்த்துப் புத்தகமாகவே அடிக்கிறார்கள்.

அப்பா கருமாதிப் பத்திரிகை அடிக்கும்போது ப்ரூஃபைத் தானே பார்க்க மாட்டார் என்று சொன்னேன். வீட்டார் ஒருவரை உட்கார வைத்து, பெயரையும் தேதியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் மிஷினில் ஏற்றுவார். அச்சகக்காரர் சிரித்தார். இங்கேயும் அதேதான் என்றார். ஒரு ப்ரூஃபை எடுத்துக் காட்டினார். பிறந்த தேதிக்குக் கீழும் இறந்த தேதிக்குக் கீழும் நீல மையில் கையெழுத்து.

கார்வி லண்டனில் பக்கவாதத்தில் படுத்திருந்தபோது, அவர் இறந்துவிட்டதாகப் பத்திரிகைகள் போட்டுவிட்டன. 1940 மே மாதம். தன் சாவுச் செய்தியைத் தானே படித்தார், அதில் பாதி ஏச்சு. அது அவரை உடைத்துப்போட்டது என்பார்கள். ஜூன் 10 அன்று நிஜமாகவே போய்விட்டார். இதை அச்சகக்காரரிடம் சொன்னேன். தெரியும் என்பதுபோல் தலையாட்டிவிட்டு, பையனைக் கூப்பிட்டு, "அந்த 1938-ஐ இன்னொரு முறை பார், எட்டா மூன்றா?" என்றார். பையன் திரையைப் பெரிதாக்கினான். எட்டுதான்.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. வரும்போது என் சட்டைப் பையில் இருந்த இருபது டாலரைத் துழாவினேன். ஓட்டை. எங்கேயோ விழுந்துவிட்டது.